துண்டுக்குள் முடித்த பேச்சு

கையைப் பிடித்து ஒத்துக்கொண்டுவிட்டு, அப்புறம் "அப்படியா, எனக்குத் தெரியாதே" என்று சொல்கிறவனை நீங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க அம்மணி? நான் ஏமாற்றுக்காரன் என்பேன். படித்த ஏமாற்றுக்காரன். சட்டைப்பையில் பேனா, கழுத்தில் கயிறு கட்டின அட்டை, வாயைத் திறந்தால் "ஐயா, ஐயா" என்கிற மரியாதை. எங்கள் சந்தையில் ஒருத்தன் இப்படிச் செய்திருந்தால் அடுத்த வாரம் அவன் கையைப் பிடிக்க ஒரு ஆள் வரமாட்டான். தண்ணீர் கேட்டால்கூடத் தொட்டியைக் காட்டுவார்கள். இந்த மியூசியம் ஆபீசருக்கு என்னடா என்றால் மாதம் பிறந்தால் கவர்மெண்ட் சம்பளம்.

உட்காருங்க, உட்காருங்க. பூட்டித்தான் இருக்கிறது. காவல்காரன் குழந்தைவேலு சோறு தின்னப் போயிருக்கிறான். தின்றுவிட்டு ஒரு கண் அயர்ந்துவிட்டுத்தான் வருவான். அதுவரைக்கும் இந்தப் படிதான் கதி. வெயிலுக்கு இதைவிடக் குளிர்ச்சியான இடம் எங்கள் வேலங்காட்டுப்புதூரில் கிடையாது. வெள்ளைக்காரன் கட்டின கச்சேரி, அந்தக் காலத்து ஆபீஸ். சுவரைப் பாருங்க, அதன்மேல் ஒரு ஆள் மல்லாந்து படுக்கலாம். முதலில் தாசில்தார் உட்கார்ந்து வரி வாங்கினார். அப்புறம் போலீஸ் வந்தது. அப்புறம் வௌவால் வந்தது. இப்போது மியூசியம் வந்திருக்கிறது. உள்ளே ஒரு லாக்கப் இருக்கிறது, கம்பிக் கதவு போட்டு. வாலிப வயசில் சந்தைத் தகராறு ஒன்றில் நானே அதற்குள் இருந்திருக்கிறேன். அதே லாக்கப்பில்தான் இப்போது என் வீட்டுச் சிவப்புக் கல்மணிகளை வைத்திருக்கிறார்கள். களவு போகாமல் இருக்கவாம்.

எங்கிருந்து வர்றீங்க? கோயமுத்தூரா? டீச்சரா! அப்படியென்றால் சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கம் இருக்காது. பரவாயில்லை, இன்றைக்குக் கேளுங்க. கேட்டுவிட்டு, நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்க.

நான் மாட்டுத் தரகன். சென்னியப்பன் என்றால் அந்தியூரிலிருந்து கண்ணபுரம் வரைக்கும் கேட்டுப் பாருங்க. என் அப்பன் எனக்கு விட்டுப்போனது ஒரு தாம்புக்கயிறும் கொஞ்சம் மேட்டுக்காடும். மற்றதெல்லாம் நான் அடிபட்டுச் சேர்த்தது. மீசை முளைக்காத வயசில் ஒரு மயிலைக் காளை வாங்கினேன். விற்றவன் கற்பூரத்தை ஏற்றி அதன்மேல் கையடித்துச் சத்தியம் செய்தான். "ஏர்ல கட்டிப் பாரு தம்பி, பறக்கும்" என்றான். கொண்டுவந்து கட்டினேன். ஒரு சால் முழுசாய் ஓட்டுவதற்குள் படுத்துக்கொண்டது. வாலை முறுக்கினாலும் எழவில்லை, வைக்கோலைக் காட்டினாலும் எழவில்லை. படுக்கிற மாடு. ஊரே வரப்பில் நின்று சிரித்தது. அன்றைக்குத் தெரிந்துகொண்டேன் அம்மணி, வாய் என்பது சோறு தின்பதற்கு மட்டும்தான்.

அதனால்தான் சந்தையில் நாங்கள் வாயால் பேரம் பேசுவதில்லை. பார்த்திருக்கிறீங்களா? இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்வோம், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்தால் விலை. இத்தனை விரலுக்கு இத்தனை. வெளியே நிற்பவன் கேட்பதற்காக வாய் ஏதேதோ பேசும். "கெழட்டு மாடு, இதுக்கு யாரு காசு குடுப்பா" என்று வாய் திட்டும், உள்ளே விரல் ஏறிக்கொண்டே போகும். வாய் சொல்வது கூட்டத்துக்கு, விரல் சொல்வது ஆளுக்கு. விரலைப் பிடித்துத் தலையை ஆட்டிவிட்டால் முடிந்தது. எழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம். உயிரே போனாலும் அதை மாற்றக் கூடாது. இது வழிவழியாய் வருகிற முறை. மாடு பிடிக்காதவனுக்குக்கூடத் தெரியும். ஒரு ஆபீசருக்குத் தெரியாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆபீசர் வந்து இறங்கினான். வௌவாலை விரட்டினான், சுண்ணாம்பு அடித்தான். நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஓடையிலிருந்து ஒரு நடுகல்லைக் கொண்டுவந்து நிறுத்தினான். கிணறு வெட்டின இடத்திலிருந்து இரண்டு உடைந்த தாழியைக் கொண்டுவந்து வைத்தான். அதற்குமேல் வைக்க ஒன்றும் இல்லை. கண்ணாடிப் பெட்டியெல்லாம் காலியாய் நிற்கிறது. திறப்பு விழாவுக்குக் கலெக்டர் வருகிறார். அதனால் வீடு வீடாய் ஏறி இறங்கினான். "பழைய பொருள் ஏதாச்சும் இருக்குங்களா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுக்கும் வந்தான்.

என் வீட்டுக்காரி இருக்கிறாள். பேரா? பாவாயி. நீங்க கேட்டதால் சொல்கிறேன். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்றால் வந்துவிடுவாள். அவளுக்கு ஒரு கிறுக்கு. எங்கள் மேட்டுக்காட்டில் மழை பெய்து மண் கரைந்தால் சின்னச் சின்னதாய்ச் சிவப்பு மணி மேலே வரும். மாதுளை முத்து மாதிரி இருக்கும். சிலதில் வெள்ளைக் கோடு இழைத்திருக்கும், ஓட்டை போட்டிருக்கும். சூதுபவளமாம். ஆபீசர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தக் காலத்தில் இந்த மேட்டில் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார்களாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து இவள் களை வெட்டும்போதெல்லாம் அதைப் பொறுக்குவாள். பொறுக்கி முந்தானையில் துடைத்து, வாயில் போட்டு மண்ணை உறிஞ்சித் துப்பி, மடியில் கட்டிக்கொண்டு வந்து ஊறுகாய் ஜாடியில் போட்டு வைப்பாள். கோத்துப் போடவும் மாட்டாள், யாருக்கும் காட்டவும் மாட்டாள்.

"எதுக்கு இந்தக் கல்லைப் பொறுக்கிட்டுக் கெடக்கற?" என்று கேட்டிருக்கிறேன்.

"அழகா இருக்குதுங்க" என்பாள். அவ்வளவுதான் பதில்.

எனக்கு எரிச்சல் வருமா வராதா? கூலிக்கு வந்தவள் எல்லாம் வரிசையில் முன்னால் போய்விடுவாள், இவள் பின்னால் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கத்தியிருக்கிறேன். ஒரு தடவை ஜாடியைத் தூக்கி எருக்குழியில் போடப் போனேன். அவள் குறுக்கே வந்து நின்றாள். சரி, கிறுக்கு, போகட்டும் என்று விட்டுவிட்டேன். பாருங்க, நான் விட்டதால்தானே இன்றைக்கு அது இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்கணுமா இல்லையா?

ஆபீசர் வந்தபோது ஜாடியை எடுத்துக் கொடுத்தது அவள்தான். அவன் கையில் கொட்டிப் பார்த்தான். திருப்பி ஜாடியில் போட மனசு வரவில்லை. எனக்கு அது போதும். வாங்க வந்தவன் சரக்கைக் கீழே வைக்காவிட்டால் அவன் எதற்கும் ஒத்துக்கொள்வான் என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். நாட்ராயனும் வந்து நின்றான். அவனும் தரகன், எனக்கு எதிர்க்கடை. நான் தும்மினால்கூடச் சந்தையில் போய்ச் சொல்கிறவன்.

ஆபீசர் கேட்டான், "ஐயா, இதெல்லாம் யாருங்க கண்டெடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? வேறென்ன சொல்லணும்? சரக்கு ஒரு பொம்பளை கையில் இருக்கிறது என்று தெரிந்தால் வாங்க வந்தவன் என்னை விட்டுவிட்டுப் புறக்கடை வழியாய் அவளிடம் போவான். "அம்மா, தாயே" என்று இரண்டு வார்த்தை பேசினால் அவள் ஜாடியோடு தூக்கிக் கொடுத்துவிடுவாள். அதெல்லாம் தொழில். முதலில் சரக்கு என்னுடையது என்று சொல்லணும், அப்புறம்தான் பேச்சு. அதுவும் நாட்ராயன் நிற்கிறான். வாயால் சொன்னது கூட்டத்துக்கு. முதலிலேயே சொன்னேனே.

அவள் அப்போது எருமைக்குத் தண்ணீரில் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அப்புறம் மறுபடி கலக்கினாள். அவளுக்கும் தெரியும் என் தொழில். இத்தனை வருசம் என்னோடு இருந்திருக்கிறாள், தெரியாமலா?

"இதுக்குக் காசு குடுக்க எங்க துறையில வழியில்லீங்க ஐயா. ஆனா கொடையாளர் பேரு எழுதி வெப்போம்" என்றான்.

"காசு யாருக்கு வேணும்? பேரு எழுதுங்க. பெருசா எழுதுங்க" என்றேன். வாயால்.

அப்புறம் தோள் துண்டை எடுத்தேன். அவன் கையைப் பிடித்தேன், மேலே போட்டேன். உள்ளே அவன் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து நன்றாய் ஒரு அழுத்து அழுத்தினேன். இரண்டு விரல் என்றால் இரண்டு பேர். என் பேர் ஒன்று, அவள் பேர் ஒன்று. கண்ணைக் காட்டி அவள் நிற்கிற பக்கம் சாடை வேறு செய்தேன். இதைவிட எப்படிச் சொல்வது? ஒரு குருட்டு மாட்டுக்குக்கூடப் புரியும். அவன் சிரித்தான். "சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்று தலையை ஆட்டினான். ஒரு தடவை இல்லை, கோயில் மாடு மாதிரி ஆட்டினான். முடிந்தது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

அவன் போன பிறகு அவள் வந்து நின்றாள். என்னிடம் எதுவும் கேட்கிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"எம்பேரும் போடுவாங்களாங்க?"

"அதெல்லாம் பேசி முடிச்சாச்சு. போய் வேலையப் பாரு" என்றேன்.

முன்னாடி எங்கள் ஊரில் அறிவொளி வகுப்பு நடந்தது. சாயங்காலம் ஆனால் பொம்பளைகளை உட்காரவைத்து எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் இவள் தன் பேரை எழுதக் கற்றுக்கொண்டாள். அது எத்தனையோ காலத்துக்கு முந்தி. ஆபீசர் வந்துபோன மறுநாள் காலையில் பார்க்கிறேன், மாடு கட்டுகிற கட்டுத்தரைச் சுவரில் கரித்துண்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். பாவாயி, பாவாயி என்று. கோழி கிளறின மாதிரி எழுத்து. "என்ன இது கூத்து?" என்றால், "மறந்து போயிருந்தா அங்க போயி அடையாளம் தெரியாதுங்களே, அதான் ஒருக்கா எழுதிப் பாக்கறேன்" என்கிறாள். கேட்டீங்களா? தன் பேரை அடையாளம் கண்டுபிடிக்கத் தயார் செய்துகொண்டிருக்கிறாள்.

திறப்பு விழாவுக்குப் பெட்டியிலிருந்து புடவை எடுத்துக் கட்டினாள். பாச்சான் உருண்டை வாசம் தெருவுக்கே அடித்தது. கலெக்டர் வந்தார், நாடாவை வெட்டினார். எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு லாக்கப்புக்குள் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டு விரித்து, அதன்மேல் மணிகளைப் பரப்பி, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். ஜாடிக்குள் கிடந்ததா இது என்று எனக்கே மலைப்பாய் இருந்தது. முன்னால் ஒரு அட்டை. 'கண்டெடுத்து நன்கொடையாக வழங்கியவர்: திரு. சென்னியப்பன், கால்நடைத் தரகர், வேலங்காட்டுப்புதூர்.' அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

போட்டோ எடுக்கிறவன் என்னைக் கலெக்டர் பக்கத்தில் நிற்கச் சொன்னான். நின்றேன். நிற்காமல் என்ன செய்வது, கலெக்டர் கூப்பிடும்போது? அங்கே நின்றபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முன்னால் பார்த்தாள். பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தாள். அடியில் குனிந்து பார்த்தாள், பெட்டைக்கோழி எங்கே முட்டை வைத்திருக்கிறது என்று தேடுகிற மாதிரி. அப்புறம் என் பக்கம் வந்தாள்.

"எங்கீங்க?"

"இருக்கும் பாரு."

"இல்லீங்க."

மறுபடியும் அட்டைக்கு முன்னால் போய் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். "செ..." என்றாள். வாயை மூடிக்கொண்டாள். புருசன் பேரை அவள் எப்படி வாய்விட்டுப் படிப்பாள்? நின்று பார்த்தாள். அப்புறம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். கலெக்டர் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். அவள் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கட்டுத்தரைச் சுவரில் எழுதினதை எல்லாம் சாணியால் மெழுகிக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டிப் புடவையோடே. லட்டை எருமைக்குப் போட்டாள்.

அன்றைக்கு நின்ற பேச்சு. சண்டை போட்டால் நான் பதிலுக்குப் போடுவேன், எனக்கு அது கை வந்த கலை. இவள் சண்டையே போடவில்லை. சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், சுடுதண்ணீர் வைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை எருமையிடம் சொல்கிறாள். "நாளைக்கு மில்லுக்குப் போகோணும், மாவு தீந்துபோச்சு" என்று எருமையைத் தடவிக்கொண்டு சொல்கிறாள். நான் போய் அரைத்துக்கொண்டு வருகிறேன்.

இதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேறு. வரிசை கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து வாத்தியார் அட்டையைச் சத்தமாய்ப் படித்துக் காட்டுகிறார். அதிலிருந்து தெருவில் என்னைப் பார்த்தால் "மணித் தாத்தா, மணித் தாத்தா" என்று கூப்பிடுகிறதுகள். கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது, ஏன் பொய் சொல்லணும். நானும் கையை ஆட்டுவேன். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாளே என்பது ஆட்டின பிறகுதான் தெரியும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன் அம்மணி. போன மழைக்குக் காட்டில் ஒன்று பார்த்தேன். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் களை வெட்டிக்கொண்டு போகிறாள். நான் வரப்பில் நிற்கிறேன். அவள் காலுக்கு முன்னால் ஒரு மணி, மழையில் கழுவிச் சிவப்பாய், எனக்கே தெரிகிறது. அவள் பார்த்தாள். நின்றாள். சரி, குனியப் போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். குனியவில்லை. குதிகாலை அதன்மேல் வைத்தாள். வைத்து, ஒரு திருகு திருகி, மண்ணுக்குள் அழுத்தினாள். அழுத்திவிட்டு அடுத்த களைக்குப் போய்விட்டாள்.

அவள் ஜாடியை எருக்குழியில் போடப் போனவன்தான் நான். ஆனாலும் அதைப் பார்த்த பிறகு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நேராய் இங்கே வந்தேன். ஆபீசர் உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்க, அட்டையில ஒரு பேரு கொறையுதுங்களே?"

"எந்தப் பேருங்க ஐயா?"

"துண்டுக்குள்ள பேசுன பேரு."

மாடு பாட்டுப் பாடினதைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தான். நான் அவன் கையை இழுத்து, மேஜைமேலேயே துண்டைப் போட்டு, இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினேன். "இதுக்கு என்னங்க அர்த்தம்? சொல்லுங்க" என்றேன்.

"ஐயா, அன்னைக்கு நீங்க பாசமா கையைப் பிடிச்சீங்கன்னுதான் நான் நினைச்சேன்."

"பாசமாவா? பாசத்துக்கு யாராச்சும் துண்டு போடுவாங்களா? அப்புறம் எதுக்குத் தலைய ஆட்டுனீங்க?"

"நீங்க கண்ணடிச்சீங்க. மரியாதைக்கு ஆட்டினேன்."

மரியாதைக்கு ஆட்டினானாம்! சந்தையில் மரியாதைக்குத் தலையாட்டினால் கையில் மாடு வந்து நிற்கும். நான் போட்ட சத்தத்தில் குழந்தைவேலு ஓடிவந்துவிட்டான். ஓடையில் கிடந்த கல்லுக்குக் கண்ணாடி போடத் தெரிகிறது, விரல் பேச்சு தெரியாதா, இந்த ஊருக்கு வந்து ஊர் முறையைத் தெரிந்துகொள்ளாமல் என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். கேட்டது தப்பா?

கடைசியில் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "சரிங்க ஐயா, தப்பு எம்மேலயே இருக்கட்டும். அட்டையை மாத்திடறேன். அன்னைக்கு நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கு. அதனால நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. 'இவற்றைக் கண்டெடுத்தது நான் இல்லை, என் மனைவி பாவாயி'ன்னு. எழுத வேண்டாம்னா, வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். எவ்வளவு சுலபமாய்ச் சொல்கிறான் பாருங்க.

இல்லை, நீங்க என்ன கேட்கப் போறீங்க என்று தெரியும். சொல்லிவிட்டால் என்ன என்றுதானே? நாட்ராயன் அன்றைக்கு நின்றான் அம்மணி. நாலு பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் "நான்தான்" என்று சொன்னேன். இன்றைக்கு "நான் இல்லை" என்றால் அடுத்த சந்தையில் நாட்ராயன் வேறு வேலை பார்ப்பானா? "சென்னியப்பன் பொண்டாட்டி சரக்கைத் தன் சரக்குன்னு சொல்லி வித்தவன்" என்பான். நான் விற்கவே இல்லை, சும்மா கொடுத்தேன். அதை எவன் கேட்பான்? அப்புறம் எவன் என் துண்டுக்குள் கையை விடுவான்? இத்தனை வருசத்துப் பேர் போய்விடாதா?

நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க.

ஆபீசர் அதோடு நின்றானா? நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து என் வீட்டுக்கே போயிருக்கிறான். புறக்கடை வழியாய்ப் போவான் என்று சொன்னேனா இல்லையா? அவளிடம் போய், "அம்மா, நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும், உங்க பேரைப் போட்டுடறேன்" என்றானாம். அவள் என்ன சொன்னாளாம் தெரியுமா? அவனே வந்து என்னிடம் சொன்னான்.

"நான் எதுக்குங்க எழுதோணும்? அன்னைக்கு அவுங்க எல்லாருக்கும் முன்னால வாயால சொன்னாங்க. வாயாலயே சொல்லட்டும். அப்புறம் எழுதுங்க. அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

வாயால் சொல்லணுமாம்! இத்தனை வருசம் ஒரு மாட்டுத் தரகனோடு குடித்தனம் செய்தவள் பேசுகிற பேச்சா இது? வாய்க்கு என்ன மதிப்பு? வாயால் எத்தனை பொய் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியாதா? நான் விரலால் சொல்லியிருக்கிறேன், அதுதானே உண்மை! அதை எப்படி அவளுக்கு விளங்கவைப்பது? ஒருநாள் அவள் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்தேன். துண்டை மேலே போட்டேன். போட்டு, அன்றைக்கு அவன் விரலை எப்படிப் பிடித்தேனோ அதே மாதிரி இவள் இரண்டு விரலைப் பிடித்து அழுத்திக் காட்டினேன். ஒரு நிமிசம் கையை எடுக்காமல்தான் இருந்தாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் துண்டை எடுத்து மடித்து என் தோளில் போட்டாள்.

"நான் என்ன மாடுங்களா?" என்றாள்.

திறப்பு விழாவுக்கு அப்புறம் என்னிடம் அவள் பேசினது அது ஒன்றுதான். அதுவும் கேள்வி. அதற்கு என்ன பதில் சொல்வது? நீங்க டீச்சர், நீங்களே சொல்லுங்க.

சொல்ல மாட்டேன் என்கிறீங்க. சரி.

அதோ குழந்தைவேலு வருகிறான் பாருங்க, சாவியை ஆட்டிக்கொண்டு. உள்ளே போங்க. நடுகல்லைப் பாருங்க, தாழியைப் பாருங்க, அப்புறம் லாக்கப்புக்குப் போங்க. அட்டையைப் படித்துவிட்டு வந்து என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் வெளியேதான் இருப்பேன். உள்ளே போக எனக்குப் பிடிக்கவில்லை. வலப்பக்கத்து அறையில் ஆபீசர் இருப்பான், இந்நேரம் பின்வாசல் வழியாய் வந்திருப்பான். அவனிடம் நீங்க சொல்லுங்க. படித்தவர் சொன்னால் கேட்பான். நான் சொல்லச் சொன்னதாய்ச் சொல்ல வேண்டாம். வழியில் யாரோ பேசிக்கொண்டார்கள், அந்த மணியெல்லாம் அந்த அம்மா பாவாயி பொறுக்கினதாம் என்று சொல்லுங்க. அது போதும் அவனுக்கு. இல்லையா? அதுவும் போதாதா? அப்படியென்றால் கதவைத் திறந்தே வைங்க, நான் இங்கிருந்தே சொல்கிறேன், அவன் காதில் விழட்டும்.

யோவ் ஆபீசரே! ராத்திரி மழை பெய்திருக்கிறது, தெரியுமா உனக்கு? மேட்டுக்காடு பூராவும் மண் கரைந்து கிடக்கிறது. விடிந்தால் அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்குவாள். மணியெல்லாம் மேலே வந்து கிடக்கும். ஒவ்வொன்றாய்ப் பார்ப்பாள், ஒவ்வொன்றாய் மிதிப்பாள். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கணும். அது உனக்குச் சம்மதமா? மணி வேணும், மணி வேணும் என்று வீடு வீடாய் அலைந்தாயே, சம்மதமா? இன்றைக்கே எழுது. பொழுது சாய்வதற்குள் எழுது. என் பேருக்குக் கீழே எழுது. வேண்டாம், பக்கத்தில் எழுது. சரி, மேலேயே எழுது, நான் சண்டைக்கு வரமாட்டேன். அதுவும் பற்றாது என்றால் என் பேரை அழித்துவிட்டு அவள் பேரை மட்டும் எழுது. பெரிசாய், அவள் தூரத்திலிருந்து பார்த்தாலே அடையாளம் தெரிகிற மாதிரி எழுது. இதற்குமேல் நான் இறங்க முடியாது. என்னைச் சொல்லச் சொல்லாதே. நீ எழுது.